கொடைக்கானலுக்குப் போக எது நல்ல மாதம்? வடகவுஞ்சி சொல்லும் பதில்!

"என்னங்க, பரீட்சை முடிந்ததும் கொடைக்கானல் போகலாம் என்றீர்களே!"

"போகலாம், போகலாம்! மே மாதம்தானே சீசன்? அப்போதே போவோம்."

தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் பேச்சு இது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணம் சிறிது. ஆபீசில் கெஞ்சி வாங்கிய லீவு இரண்டு நாள். குழந்தைகளுக்கோ ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. "ஏரியில் படகு! குதிரை சவாரி!" என்று ஒரே கனவு.

மே மாதமும் வருகிறது. வண்டியும் கிளம்புகிறது. மலைச் சாலையில் பாதி தூரம் ஏறியதும் வண்டி நிற்கிறது. முன்னால் ஒரு வண்டி. அதற்கு முன்னால் ஒரு வண்டி. அதற்கும் முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள்!

ஒரு மணி ஆகிறது. இரண்டு மணி ஆகிறது. குழந்தை அழுகிறது. பாட்டிக்குத் தலை சுற்றுகிறது. ஊர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. விடுதியில் இடம் இல்லை. இடம் கிடைத்தாலும், வாடகையைக் கேட்டால் குளிரிலும் வியர்க்கிறது!

இரண்டு நாள் லீவில் ஒரு நாளைச் சாலையே விழுங்கிவிடுகிறது.

இதற்கு யார் காரணம்? மலையா? அல்ல. நாம் மாதத்தைத் தேர்ந்தெடுத்த விதம்தான் காரணம்!

நடுமலையில் ஓர் ஊர்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு மலைச் சாலை போகிறது. சுமார் 65 கிலோமீட்டர் தூரம். அந்தச் சாலையை ஒட்டிய மலைப்பகுதியில் இருக்கிறது வடகவுஞ்சி. திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகாவைச் சேர்ந்த கிராமம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். கொடைக்கானலுக்கு அப்பால், மன்னவனூர்ப் பக்கத்தில் கவுஞ்சி என்று வேறோர் ஊர் இருக்கிறது. அது மேல்மலை ஊர். இது கீழ்மலை ஊர். வழி கேட்கும்போது "வடகவுஞ்சி" என்று முழுப் பெயரையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மலைக்குப் பதில் இன்னொரு மலையில் போய் நிற்பீர்கள்!

வடகவுஞ்சி கொடைக்கானலைவிடத் தாழ்ந்தது. பழனியைவிட மிக உயர்ந்தது. மேலே மலைநகரம், கீழே சமவெளி. நடுவில் இந்த ஊர்.

இங்குள்ள கீழ்மலைத் தோட்டங்களில் காபி உண்டு. மிளகு உண்டு. நிழல் மரங்களுக்கு அடியில் மலைவாழை உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி மலைவாழை விளைவது பழனி மலைத்தொடரின் இந்தக் கீழ்மலைகளில்தான். 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்களிடம் "எது சீசன்?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

"எதற்குச் சீசன்?" என்று திருப்பிக் கேட்பார்கள்!

காபி பூப்பதற்கு ஒரு சீசன். காபிப் பழம் பறிப்பதற்கு ஒரு சீசன். மழைக்கு ஒன்று. காற்றுக்கு ஒன்று. சாலையில் மண் சரிவதற்கும் ஒன்று. "டவுனிலிருந்து ஜனங்கள் வரும் மாதம்" என்பது இவற்றில் ஒன்றுதானே தவிர, அதுவே மலையின் நல்ல காலம் ஆகிவிடாது.

இந்தச் சின்ன விஷயத்தை நாம் தெரிந்துகொண்டால் போதும். நம் பணமும் மிஞ்சும். நம் நாளும் மிஞ்சும்.

"மே மாதம்தான் சீசன்" என்று யார் சொன்னது?

இதற்கு ஒரு கதை இருக்கிறது.

1845-ம் ஆண்டு. மதுரைச் சீமையில் வேலை பார்த்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலும் நோயும் தாங்காமல் தவித்தார்கள். குளிர்ச்சியான இடம் தேடி மலை ஏறினார்கள். கொடைக்கானலில் முதலில் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள்.

அப்போது மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து காட்டுப் பாதையில் ஏற வேண்டும். சிலர் நடந்தார்கள். சிலர் குதிரையில் போனார்கள். சிலரை டோலியில் வைத்துச் சுமந்து சென்றார்கள். இவ்வளவு பாடுபட்டு மேலே போனவர்கள் இரண்டு நாளில் திரும்புவார்களா? கத்திரி வெயில் தணியும் வரை அங்கேயே தங்கினார்கள்.

1863-ல், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். ஊர் வளர்ந்தது. வெயில் காலத்தில் மலைக்குப் போவது துரைமார்களின் வழக்கம் ஆயிற்று. அதற்குச் "சீசன்" என்று பெயரும் வந்தது.

பிறகு வெள்ளைக்காரன் போனான். சீசன் போகவில்லை! பள்ளிக்கூட லீவும் அதே மாதத்தில் வந்ததால் அந்தப் பழக்கம் நம்மிடமும் ஒட்டிக்கொண்டது.

ஆகவே, மே மாதம் சீசன் ஆனது மலை அப்போது மிக அழகாக இருப்பதால் அல்ல. சமவெளி அப்போது மிகக் கொடுமையாக இருப்பதால்தான்!

மூன்று டிகிரி ரகசியம்

"மே மாதத்தில் போனால்தானே குளிருக்கு மதிப்பு?" என்று கேட்கலாம்.

கணக்கைப் பாருங்கள். மலையில் 1,000 அடி ஏறினால் வெப்பம் சுமார் 2 டிகிரி குறையும். கொடைக்கானலின் உயரம் சுமார் 7,000 அடி. அப்படியானால் அடிவாரத்தைவிட 13, 14 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். உண்மையில் வித்தியாசம் அதைவிடவும் அதிகம். மதுரையில் 38 டிகிரி கொளுத்தும் மே மாதப் பகலில், கொடைக்கானலில் சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

சரி, ஆகஸ்டு மாதப் பகலில்? சுமார் 17 அல்லது 18 டிகிரி.

வித்தியாசம் மூன்று டிகிரிதான்! கொடைக்கானல் ஆண்டு முழுவதும் குளிர்ச்சியான ஊர். குளிரைத் தேடி மே மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

மாதத்துக்கு மாதம் உண்மையில் மாறுவது குளிர் அல்ல. மழை, மேகமூட்டம், கூட்டம் இந்த மூன்றும்தான். ஆகவே தேதி குறிக்கும்போது இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

இனி, தமிழ் மாதக் கணக்கில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தை, மாசி: தெளிந்த வானம்

மழை ஓய்ந்துவிடும். வானம் கண்ணாடி போல் இருக்கும். கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்றால் அடிவாரத்து ஊர்களும் குளங்களும் பொம்மை போல் தெரியும். சுமார் 8,000 அடி உயரமுள்ள பெருமாள்மலைச் சிகரம் முழு உருவத்தோடு காட்சி கொடுக்கும்.

கொடைக்கானலில் சூரியனை ஆராயும் கூடம் ஒன்று இருக்கிறது. 1899-ல் நிறுவப்பட்டது. உயரமான இடமும் தெளிந்த வானமும் வேண்டும் என்று தேடித்தான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். வானத்தின் தெளிவுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வடகவுஞ்சிப் பக்கத்துத் தோட்டங்களில் இது காபிப் பழமும் மிளகும் பறிக்கும் காலம். களங்களில் காபிக்கொட்டை காய்வதைப் பார்க்கலாம்.

இரவுக் குளிர் மட்டும் கடுமை. ஜனவரி இரவில் சராசரி 8 டிகிரிக்கு இறங்கும். சில விடியற்காலைகளில் பள்ளமான இடத்துப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் மாசி வரை பொறுப்பது நல்லது.

பழனி வழியாகப் போகிறவர்கள் தைப்பூச நாட்களைத் தவிர்க்க வேண்டும். பாதயாத்திரைப் பக்தர்களால் சாலைகள் நிரம்பியிருக்கும். முருகனைத் தரிசிக்கப் போவது வேறு. மலை பார்க்கப் போவது வேறு. இரண்டையும் ஒரே நாளில் குழப்ப வேண்டாம்.

பங்குனி, சித்திரை, வைகாசி: பூவும் கூட்டமும்

கோடை மழை இரண்டு தூறல் போட்டதும் காபிச் செடிகள் பூக்கும். கிளை முழுவதும் வெள்ளை வெளேரென்று பூ! மல்லிகை போன்ற வாசனை! சில நாட்களே நீடிக்கும் காட்சி இது. வடகவுஞ்சி வழியாகப் போகிறவர்கள் பாக்கியசாலிகள்.

மே மாதத்தில் பிரையன்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். 1908-ல் அமைக்கப்பட்ட பூங்கா அது. கண்காட்சியைப் பார்க்க வேண்டும் என்றால் மே மாதத்தில்தான் போயாக வேண்டும்.

ஆனால் கூட்டம்! அதைச் சமாளிக்கக் கோர்ட்டே தலையிட வேண்டி வந்தது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் போகிறவர்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்று விதி வந்தது. 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினார்கள்.

இந்த விதிகள் மாறக்கூடியவை. ஆகவே புறப்படுமுன் அந்த ஆண்டு விதியை விசாரித்துக்கொள்ள வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தப் பாஸ் கவலை இல்லை.

இன்னொரு விஷயமும் நினைவில் இருக்கட்டும். காட்டுப் புல் காய்ந்து கிடக்கும் காலம் இது. மாசிக் கடைசி முதல் சித்திரை வரை மலையில் காட்டுத்தீ பயம் உண்டு. அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும், ஒரு மலைச்சரிவையே கரியாக்கிவிடும்!

ஆனி, ஆடி: மேகத்துக்குள் நடக்கலாம்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். அந்த மழையின் பெரும் பகுதியை மேற்கே உள்ள ஆனைமலையும் மூணாறு மலைகளும் வாங்கிக்கொள்ளும். ஆகவே மூணாற்றில் கொட்டும்போது கொடைக்கானலில் பல நாள் சாரலோடு போய்விடும்.

காற்று பலமாக இருக்கும். மேகம் தெருவில் இறங்கி வரும். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அடுத்த நிமிஷம் பளிச்சென்று வெயில்! குழந்தைகளுக்கு இது ஒரு மாயாஜாலம்.

ஆனால் "தூரத்துக் காட்சி தெரியவில்லையே" என்று குறைப்படக்கூடாது. கூட்டம் குறைந்திருக்கும். விடுதி வாடகையும் இறங்கியிருக்கும். பேரிக்காய் கடைக்கு வரும்.

புதுமணத் தம்பதிகளுக்கு ஏற்ற காலம் இது. ஆடியில் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போவது நம் வழக்கம் அல்லவா? அதனால் ஆனியிலேயே போய் வந்துவிடுவது புத்திசாலித்தனம்!

ஆவணி, புரட்டாசி: பச்சைப் பசேல்

காலையில் வெயில், மாலையில் மழை. மலை முழுவதும் பச்சை. வெள்ளி நீர்வீழ்ச்சியில் தண்ணீர் நன்றாக விழும். சுமார் 180 அடி உயரத்திலிருந்து விழுவது அது. பங்குனியில் போய் நூல் போல் ஒழுகுவதைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர்!

பார்க்க வேண்டியதைக் காலையிலேயே பார்த்துவிட்டு, மதியத்துக்குள் அறைக்குத் திரும்பினால் மழை ஒரு தொந்தரவே அல்ல. காலாண்டுப் பரீட்சை லீவும் இந்தக் காலத்தில் வரும்.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்கிற நீலக்குறிஞ்சியும் இந்த மாதங்களை ஒட்டித்தான் பூக்கும். 2006-ல் பூத்தது. 2018-ல் பூத்தது. அடுத்து 2030-ல் எதிர்பார்க்கலாம். இன்று ஆறு வயதுக் குழந்தை அடுத்தடுத்து இரண்டு முறை பூ பார்ப்பதற்குள் வளர்ந்து பெரிய மனிதன் ஆகிவிடும்!

ஐப்பசி, கார்த்திகை: தள்ளிப் போடுங்கள்

கொடைக்கானலுக்கு மழை அதிகம் கொடுப்பது வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கொட்டும். மண் ஊறும். பாறை நெகிழும். மரம் சாயும். பழனிச் சாலையிலும் வத்தலக்குண்டுச் சாலையிலும் மண்சரிவு பயம் உண்டு.

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறியது. கடற்கரைப் புயல்தானே என்று நினைத்தவர்கள் திகைத்தார்கள். அது திண்டுக்கல் சீமை வழியாகப் போனது. கொடைக்கானல் மலையிலும் மரங்கள் விழுந்தன. சாலைகள் அடைபட்டன.

இந்த இரண்டு மாதங்களில் உல்லாசப் பயணம் வேண்டாம். போயே ஆக வேண்டும் என்றால் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுப் பகலில் மட்டும் போங்கள்.

மார்கழியில் மழை மெல்ல ஓயும். ஆனால் அரையாண்டு லீவும் ஆங்கிலப் புத்தாண்டும் சேர்ந்து இன்னொரு மே மாதத்தை உண்டாக்கிவிடும்!

சாலை ஒன்று, தேவை இரண்டு

இதுவரை நம் வசதியைப் பார்த்தோம். இனி வடகவுஞ்சியின் பக்கம் நின்று பார்ப்போம்.

நமக்கு இந்த மலைச் சாலை இரண்டு நாள் வேடிக்கை. மலைவாசிக்கு அதுதான் பள்ளிக்கூடத்துக்கு வழி. ஆஸ்பத்திரிக்கு வழி. வாழைத்தாரைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழி. பழனியிலிருந்து வரும் சாலையும் வத்தலக்குண்டிலிருந்து வரும் சாலையும் பெருமாள்மலையில் ஒன்று சேர்கின்றன. அங்கிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அந்த இடத்தில் வண்டிகள் அடைபட்டால் என்ன ஆகும்?

படகு சவாரிக்குப் போகிறவனும் நிற்க வேண்டும். பிரசவ வலியோடு போகிறவளும் நிற்க வேண்டும்!

தண்ணீர்க் கதையும் அப்படியே. மலையில் ஊற்றும் ஓடையும் வற்றும் காலத்தில்தான் லட்சக்கணக்கில் ஜனங்கள் மேலே போகிறார்கள்.

வருகிறவர்களால்தான் கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் விடுதித் தொழிலாளிக்கும் பிழைப்பு. அதை மறுக்க முடியாது. ஆனால் மே மாதத்தில் குவிகிற கூட்டம் பன்னிரண்டு மாதத்துக்கும் பரவினால் அந்தப் பிழைப்பும் பன்னிரண்டு மாதத்துக்கு நீளும். நாமும் நிம்மதியாகப் பார்ப்போம். அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

அப்படியானால் எப்போது போகலாம்?

எங்கள் தீர்ப்பு இதுதான்:

வயதானவர்களோடு போகிறவர்கள் மாசி மாதம் போகலாம். வெயிலும் இதம், குளிரும் இதம், சாலையும் காய்ந்திருக்கும்.

பள்ளிக் குழந்தைகளோடு போகிறவர்கள் காலாண்டு லீவில் போகலாம். அல்லது பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு தை, மாசியில் இரண்டு நாள் போய் வரலாம்.

"எங்களுக்குக் கோடை லீவை விட்டால் வேறு வழி இல்லை" என்பவர்களும் வருந்த வேண்டாம். மாதத்தை மாற்ற முடியாவிட்டால் கிழமையை மாற்றுங்கள்! சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்குவதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் செவ்வாய்க்கிழமை ஏறி வியாழக்கிழமை இறங்குங்கள். விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து கிளம்புங்கள். அதே மே மாதம் வேறு மாதமாகத் தெரியும்.

புறப்படுமுன் சில வார்த்தைகள்

மலை ஏறும் நாளில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

மே மாதம் ஆனாலும் ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். ஆனியிலிருந்து கார்த்திகை வரை குடையும் வேண்டும்.

வளைவுகளில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், சின்ன கியரில் இறங்குங்கள்.

காட்டுமாடு கண்ணில் பட்டால் போட்டோ எடுக்க இறங்காதீர்கள். அது சாதுவாக மேயும். சீறினால் தப்புவது கடினம்.

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஏறும்போது ஒரு வழியிலும் இறங்கும்போது இன்னொரு வழியிலும் வாருங்கள். பழனிச் சாலையில் இறங்கும்போது வடகவுஞ்சிப் பக்கத்தில் சற்று வண்டியை நிறுத்தி ஒரு காபி குடியுங்கள். அந்த மலையின் காபி! நாலு மலைவாழைப்பழமும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காசு, மழையோடும் காற்றோடும் போராடி விளைவித்தவருக்குப் போய்ச் சேரட்டும்.

குழந்தைகள் "அடுத்த வருஷமும் வரலாமா அப்பா?" என்று கேட்டால், உங்கள் பயணம் வெற்றி!

"வரலாம். ஆனால் மே மாதத்தில் வேண்டாம்!" என்று பதில் சொல்லுங்கள்.